பத்தாம் கேள்விக்குச் செல்க

முன்பின் தெரியாதவர்களின் படலையைத் தட்டி, அவர்களுடைய நெஞ்சைப் பற்றி விசாரிப்பதுதான் எங்கள் தொழில். இருதய நோய் ஆய்வொன்றுக்காக, சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய வான் வண்டியில் குடாநாடு முழுக்கத் திரிந்தோம். வானுக்குள் ஈ.சி.ஜி. மெஷின், கையில் வினாக்கொத்து, வாசலில் நாய். வினாக்கொத்தோடு நாய்க்கு முன்னால் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் என் ஆள், மேலே வாசியுங்கள்.

என்னோடு வந்தவர் குருநகர் ஜசிந்தா அக்கா. மீன்பிடிக் குடும்பம். அவர் சாதாரணமாகக் கதைத்தாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். வானை ஓட்டிய றைவர் அண்ணை மூன்றாவது ஆள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பழகுவதற்காக அக்காவை நானும் என்னை அக்காவும் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பினோம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். அன்று நிரப்பிய அக்காவின் படிவத்தை நினைத்தால் மட்டும் வராது.

அவருக்குத்தான் தெரியும்

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வீடு. ஆணும் பெண்ணும் சரிபாதியாக வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. ஆனால் எந்த வீட்டிலும் கதிரையில் வந்து உட்காருவது ஆம்பிளைதான். பெண் குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. இந்த மனிதர் தன்னுடைய விடைகளை முடித்த கையோடு மனைவியின் விடைகளையும் சொல்லத் தொடங்கினார். "அவளுக்கு ஒண்டுமில்லை. நெஞ்சு நோ இல்லை, களைப்பு இல்லை. எழுதுங்கோ."

அவரவர் வாயால் சொன்னால்தான் செல்லும் என்று ஜசிந்தா அக்கா மறித்தார். மனைவி ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தார். புருசன் சொன்னதெல்லாம் சரியோ என்று கேட்டேன்.

"சரிதான் தங்கச்சி. எனக்கு ஏலாமல் வந்தால் முதல் அவருக்குத்தான் தெரியும். தேத்தண்ணி பிந்துமெல்லே."

பகலில் படுத்தவர்

அளவெட்டியில் ஒரு நாதஸ்வரக்காரர். ஈ.சி.ஜி. என்றதும் சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். இவ்வளவு காலம் ஊதின நெஞ்சு என்று தட்டியும் காட்டினார். மனைவியைக் கூப்பிட்டால், கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நெஞ்சில் வயர் ஒட்டுவார்கள் என்ற செய்தி எங்களுக்கு முன்னமே ஊருக்குள் போய்விட்டிருந்தது. இப்படித்தான் எங்களுடைய ஆண்கள் கோப்பு கொழுத்தது, பெண்கள் கோப்பு மெலிந்தது.

ஜசிந்தா அக்கா றைவர் அண்ணையையும் வீட்டுக்காரரையும் கோயிலடிக்குத் துரத்தினார். இதற்கென்றே பையில் கொண்டு திரிந்த நூல்சீலையை அறைக்குக் குறுக்கே கட்டினார். நான் வயர்களைப் பூட்டி முடிப்பதற்குள் அந்த அம்மா கண்ணை மூடிவிட்டார். முடிஞ்சுது, எழும்புங்கோ என்றேன். ஆள் அசையவில்லை.

"கலியாணம் கட்டின நாளையிலையிருந்து இண்டைக்குத்தான் பகலிலை படுத்தனான் பிள்ளை. இன்னும் ரெண்டுதரம் எடுங்கோ."

படிவத்தின் ஓரம்

எங்களுடைய முதலாம் கேள்வி இதுதான்: நடக்கும்போது நெஞ்சில் நோ வருவதுண்டா? அதற்குக் கீழே, 'இல்லை எனில் பத்தாம் கேள்விக்குச் செல்க' என்று இருக்கும். அந்த வரியில் எனக்கு அவ்வளவு பிரியம். ஒரு புள்ளடி போட்டால் எட்டுக் கேள்வி மிச்சம். பெண்கள் பெரும்பாலும் 'இல்லை' என்றே சொன்னதால் என் வேலை மளமளவென்று முடிந்தது.

ஆனால் படலை வரை வந்து வழியனுப்பும்போது அவர்கள் வேறு கதை சொல்வார்கள். வல்வெட்டித்துறையில் ஒரு வள்ளக்காரர் வீட்டு அம்மா, கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதெல்லாம் தாடை இறுகுகிறது, பல் வைத்தியரிடம் போகவேண்டும் என்றார். இத்தனைக்கும் அவருக்கு மிஞ்சியிருந்தது நாலு பல். இதையெல்லாம் ஜசிந்தா அக்கா படிவத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு நிற்பார். நான் வானுக்குள் ஏறி, ஹோர்ன் அடியுங்கோ அண்ணை என்பேன்.

ஆய்வை நடத்திய பெரிய டொக்டர் நல்ல மனிதர், ஒருவரையும் அதட்டத் தெரியாது. ஓரத்தில் எழுதுவதைக் கொம்பியூட்டர் வாசிக்காது என்று அக்காவுக்கு மெதுவாகச் சொன்னார்.

"அப்ப அதுக்கு வாசிக்கப் பழக்குங்கோ டொக்டர்."

இஞ்சிச் சோடா

ஒரு காலை குருநகர் தொடர்மாடியில் வேலை. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது ஜசிந்தா அக்கா படியிலேயே இருந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. முதுகு உளையுது, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமாப்போல கிடக்கு என்றார். ஊரெல்லாம் இருதயத்தைப் பற்றி விசாரித்துத் திரிந்த நான், வாய்வுதான் அக்கா என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிப்போய் ஒரு இஞ்சிச் சோடா வாங்கி வந்தேன். றைவர் அண்ணை வினாக்கொத்துப் படித்தவர் அல்ல. அக்காவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். "சோடாவை எறிஞ்சுபோட்டு ஒரு பக்கம் பிடியும்" என்றார்.

மாரடைப்பு. நெஞ்சில் ஒரு பொட்டு நோவும் இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் வார்ட்டுக்குள் விட்டபோது, அக்காவின் கட்டிலடியில் நின்று விம்மி விம்மி அழுதேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெரிய குரல் மெலிந்துபோயிருந்தது.

"அழாதை. முதல் நாள் நீ என்னைக் கேட்டபோதே சொன்னனான், படி ஏறினால் முதுகு உளையுதெண்டு. நீ சிரிச்சுப்போட்டுப் பத்துக்குப் பாஞ்சிட்டாய்."

நாலு பல்

எங்கள் ஆய்வுக் கந்தோருக்குப் போய் அக்காவின் படிவத்தைத் தேடி எடுத்தேன். 'இல்லை' என்பதற்கு நேரே என் புள்ளடி, ஓரம் சுத்த வெள்ளை. அதில் அவர் சொன்னதை எழுதி டொக்டரிடம் நீட்டினேன். அவர் அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு பெண்கள் கோப்பு முழுவதையும் இறக்கச் சொல்லி, ஓரங்களை மட்டும் என்னை வாசிக்கச் சொன்னார். தாடை, முதுகு, தோள்மூட்டு, இளைப்பு, காரணமில்லாத களைப்பு. எல்லாம் ஜசிந்தா அக்காவின் எழுத்து. என் படிவங்களில் வாசிக்க ஒன்றும் இல்லை, எனக்கு வெட்கமாக இருந்தது. "இந்தக் கேள்வியளை முதன்முதல் எழுதினவை ஆம்பிளையளைத்தான் கேட்டிருப்பினம்" என்றார் டொக்டர். அந்தக் கிழமையே கேள்விகள் கூடின. 'செல்க' என்ற வரி போய்விட்டது.

முதல் வேலையாக நானும் றைவர் அண்ணையும் வல்வெட்டித்துறைக்கு ஓடினோம். அந்த அம்மாவை வானில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். நல்ல காலத்துக்கு வந்தீர்கள், இது இருதயம்தான் என்று அங்கே சொல்லி மருந்து தொடங்கினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் யோசனையாக இருந்தவர், வீட்டுப் படலையில் இறங்கும்போது கேட்டார்:

"அப்ப இந்த நாலு பல்லையும் பிடுங்கத் தேவையில்லையோ பிள்ளை?"

ஆய்வு முடிந்து, வானும் கைமாறி, றைவர் அண்ணை மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்; ஞாயிறு பூசை முடிய நான் குருநகருக்குப் போனால், எப்படி இருக்கிறாய் என்று ஜசிந்தா அக்கா கேட்பதும் ஒண்டுமில்லை அக்கா என்று நான் சொல்வதும் இன்றைக்கும் நடக்கிறது, ஆனால் அந்த 'இல்லை'யை நம்பிப் பத்தாம் கேள்விக்குப் போக அவர் மட்டும் இன்னும் பழகவில்லை.