டிரான்ஸ்மிட்டருக்கு வந்த காய்ச்சல்

போன வாரம் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு போன். அங்கே ஓர் இன்ஜினியரிங் கல்லூரி சின்னதாக ஒரு எஃப்.எம். நிலையம் நடத்துகிறது. பேசியவர் அதன் பொறுப்பாளர் கவிதா. ஓய்வுபெற்ற டிரான்ஸ்மிட்டர் இன்ஜினியரை யாரும் நலம் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை... ஏதாவது எரிந்தால்தான்.

“சார், டிரான்ஸ்மிட்டரு சூடாயித் தானா ஆஃப் ஆயிடுதுங்க. இந்த வாரத்துல மூணு தடவை. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோழி டாக்டர் லைவ் பேசறாருங்க. அதுலயும் நின்னுச்சுன்னா, என்னைய ஹாஸ்டல் ஆபீசுக்கு மாத்திப்போடுவேன்னு தாளாளர் சொல்லிட்டாருங்க.”

டாக்டர் பேசவிருந்த தலைப்பு — வெயிலிலிருந்து கோழிகளைக் காப்பது எப்படி!

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். அறையில் ஏசி, இரண்டு டேபிள் ஃபேன், ஜன்னலில் ஈரச் சாக்கு. கடைசி ஐட்டம் தாளாளரின் கோழிப்பண்ணை உத்தியாம். அதை முதலில் கழற்றச் சொன்னேன்.

டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர் நூறு வாட் கரண்ட் வாங்கினால், அறுபதைத்தான் ஆன்டெனாவுக்கு அனுப்பும். மிச்ச நாற்பது? சூடு. அதை வெளியேற்றத்தான் அலுமினியத் தகடுகளும் ஃபேனும். எந்த ஆபீஸும் இப்படித்தானே — வேலையாக வெளியே போகாததெல்லாம் சூடாக உள்ளேயே சுற்றும்.

முறைப்படி ஆரம்பித்தேன். ஒன்று, காற்று ஃபில்டர். இரண்டு, ஃபேன். மூன்று, தகடுகளில் தூசி... ஏழு வரை எல்லாம் சுத்தம். மணி பத்தரை. கவிதா நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பழனியம்மா நிமிர்ந்தார். “ஏனுங் சாமி, தேர்த் திருவிழாவுக்குன்னு அந்தக் கோபுரத்துல லைட்டு கட்டுனாங்கள்ல? அன்னையில இருந்துதாங்க இந்த ரோதனை.”

வெளியே ஓடினேன். ஒலிபரப்புக் கோபுரம் அடி முதல் நுனி வரை சீரியல் லைட். ஆன்டெனாவையும் விடவில்லை... மணப்பெண் ஜடை மாதிரி சுற்றியிருந்தார்கள். இத்தனை ஒயரைச் சுற்றினால் ஆன்டெனா பவரை முழுதாக ஏற்காது. பாதி வந்த வழியே திரும்பி, ஆம்ப்ளிஃபயரிலேயே சூடாக இறங்கும். திரும்பி வரும் பவரைக் காட்டும் மீட்டர் என் மூக்குக்கு நேரே இருந்தது. என் பட்டியலில் அது எட்டாவது!

தாளாளர் வந்தார். போர்வெல் போடும் ரிக் லாரி நாலுக்குச் சொந்தக்காரர்.

“தேரு நிலைக்கு வர்ற வரைக்கும் லைட்டக் கழட்ட முடியாதுங்க. மலை மேல இருந்து பார்த்தா நம்ம கோபுரந்தான் தெரியோணும்.”

“அப்படியானால் பவரைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.”

“பாதியா? ஏனுங்க, என்ற ரிக்கைப் பாதி எஞ்சின்ல ஓட்டுனாத் தண்ணி வருமுங்களா? ஒரு வாட் குறைக்கப்படாது. நான் கார்ல ஊரைச் சுத்திக் கேட்டுப்போட்டு வாரேன்.”

போய்விட்டார். மணி பத்து ஐம்பத்தைந்து.

இம்மாதிரி மாற்றத்துக்கு எழுத்துபூர்வ அனுமதி தேவை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கவிதா பவரைப் பாதியாக்கிவிட்டார்.

டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார். டிரான்ஸ்மிட்டர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. பவர் பாதியானால் ஊருக்குள் கேட்பவர் காதுக்குத் தெரியாது. நின்றுபோனால்தான் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குத் தாளாளர் முகமெல்லாம் பல்லாக வந்தார். “கடைவீதி பூராக் கணீர்னு கேட்டுச்சுங்க! ஒரு தடவைகூட நிக்கல. பவரு ஏத்திப்போட்டீங்களாட்ட இருக்குது?”

நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

“நீங்க சொல்லிட்டுப் போன பொறகுதாங்க மாத்துனோம்” என்றார் கவிதா.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஹாஸ்டல் ஆபீஸ் வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டும்!