நீளாத பட்டை

திருப்பூர் ராயபுரத்தில் மாமா நடத்திய பனியன் கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. அன்று கட்டிங் டேபிள் எங்களுடையது. இருபதடி நீளம், மேடு பள்ளம் கிடையாது. மாமா மகனும் நானும் அதில் சாக்கட்டியால் சாலை வரைந்து பொம்மைக் கார் பந்தயம் நடத்துவோம். பகடையில் விழும் எண் எதுவோ, அத்தனை தீப்பெட்டி நீளம் கார் நகரலாம். வளைவில் கோட்டைத் தாண்டினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும்.

அளப்பதற்கு ஜட்டியில் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக். காலடியில் கிடந்தது அதுதான். தீப்பெட்டியை வைத்துப் பேனாவால் ஆறு கோடு போட்டுக்கொண்டோம். எலாஸ்டிக் நீளும் என்பது திருப்பூரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் அளந்தோம்.

"உன்ற காருக்கு மட்டும் எலாஸ்டிக் நீளுதாக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். அவன் காரை வீசினான். ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. இன்னொரு சண்டை காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் பூட்டுத்தான் என்று மாமா சொல்லிவிட்டார்.

என் அக்கா பத்தாவது முடித்த கையோடு அங்கேதான் பனியன்களில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கைக் கேட்டவள் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பெட்டி கட்டி வந்த நீலப் பிளாஸ்டிக் பட்டையில் ஒரு துண்டு வெட்டினாள். பேனாக் கோடு அழிந்துவிடும் என்று, ஆணியை அடுப்பில் காய்ச்சிக் கோடுகளைச் சுட்டாள். இழுத்தால் நீளவில்லை. விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் சாலையின் வளைவோடு தானும் வளைந்தது.

அடுத்த ஞாயிறு நான்தான் தோற்றேன். எலாஸ்டிக்கை நானும் இழுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சத்தமே வராததில் சந்தேகப்பட்டு மாமா எட்டிப் பார்த்தார். பட்டையை எடுத்துத் தன் இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்து, கோடு கோடாகப் பார்த்தார்.

"யாரு கண்ணு குறிச்சது?"

"நாந்தானுங்க மாமா. எல்லாக் கட்டமும் ஒண்ணுபோல இருந்தாத்தானுங்களே சண்டை வராது," என்றாள் எங்களோடு நின்றிருந்த அக்கா.

மாமா பட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் அழுதேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டுப் போனபோது பிசிர் வெட்டும் பெஞ்சில் அக்கா இல்லை. கட்டிங் டேபிளில், மாமாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று துணியில் அளவு குறித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அதுவரை ஆண்கள் மட்டுமே நின்றிருக்கிறார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. பட்டையை மாமாவிடம் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்ற கோபத்தில் நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

சனிக்கிழமை வேறொரு பட்டை செய்து கொண்டுவந்து தந்தாள். முந்தையதைவிட நேர்த்தி. ஆனால் தீப்பெட்டி நீளம் இல்லை. அங்குலமும் அரை அங்குலமுமாகச் சுட்டிருந்தாள். பந்தயத்துக்கு அது எதற்கும் ஆகாது.

"அக்காளுக்கு வெளையாட்டே மறந்துபோச்சு," என்றான் மாமா மகன். பாவம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.