கடந்த ஏழு நாட்களில் கொளஞ்சிநாதன்

சுரங்கத்துக்குள் வேலைக்குப் போக விடும் கொளஞ்சிநாதனின் கேட் பாஸ் ஜூலை மாதக் கடைசியோடு முடிந்துபோனது. பதினேழு வருடமாக நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பெல்ட் ஜாயிண்ட் போட்டவர் அவர். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட் எங்காவது கிழிந்தால், எந்த ஷிப்ட் ஆனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிழிந்த இரண்டு முனைகளையும் படிப்படியாகச் சீவி, பசை தடவி, சூட்டில் அழுத்தி ஒட்ட வேண்டும். அவர் ஒட்டியது பிரிந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் கான்ட்ராக்ட் கைமாறியபோது, புதிதாக வந்தவர் பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் எடுத்துக்கொண்டார்.

"லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. பாஸ் வந்தா போன் பண்றோம்" என்றார் சூப்பர்வைசர். "ஆனா வெளியூரு எங்கயும் போயிடாதீங்க. கூப்புடறப்ப ஆள் இல்லன்னா அடுத்தவனுக்குப் போயிடும்."

அதனால் கொளஞ்சிநாதன் மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் காத்திருந்தார். மனைவி தனம், பிளஸ் டூ படிக்கும் மகள் இசைப்பிரியா. யாராவது கேட்டால், "பாஸுக்கு வெயிட் பண்ணிகினு இருக்கேன்" என்பார். வேலை இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகஸ்டில் நந்தினி என்ற பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். வேலை நிலவரம் பற்றிய அரசாங்கக் கணக்கெடுப்பு. அந்தத் தெருவில் சில வீடுகள் தேர்வாகியிருந்தன. மாதம் ஒருமுறை என்று நாலு மாதம் வருவாள். அப்போது கொளஞ்சிநாதன் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு ராஜாம்பாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால், தனம் குரலை உயர்த்தியே சொன்னாள்.

"அவரு சுரங்கத்துல வேலை பாக்குறாருங்க."

"சரிக்கா. நேத்து எத்தனை மணி நேரம் வேலை செஞ்சாரு? முந்தாநாள்?"

இப்படி நாள் நாளாகக் கேட்பாள் என்று தனம் நினைக்கவில்லை. ராஜாம்பாள் உள்ளே போகும்வரை இருந்துவிட்டு, மெல்ல உண்மையைச் சொன்னாள். பாஸ் முடிந்துவிட்டது, போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் பந்தல் போடப் போனார், அவ்வளவுதான்.

"அப்ப வேலை செஞ்சிருக்காருக்கா" என்று நந்தினி திரையைத் தொட்டாள். "நீங்க?"

"நான் வூட்ல சும்மாதான் இருக்கேன்."

தனத்தின் இரண்டு கையிலும் முழங்கை வரை உளுந்து மாவு. நந்தினி அதைப் பார்த்தாள்.

"மாவு அரைச்சு விக்கிறீங்களா?"

"குவார்ட்டர்ஸ்ல பத்துப் பதினைஞ்சு வூட்டுக்குக் குடுக்கிறேன். அது எப்படிம்மா வேலையாவும்?"

"எங்க கணக்குல அது வேலைதான்கா. சுயதொழில்."

அன்று சாயங்காலம் தனம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னபோது கொளஞ்சிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் பந்தல் கட்டினதற்கு வேலையில் இருப்பவன் என்று எழுதிவிட்டார்களா? அடுத்த மாதம் முடிதிருத்தும் கடையில் பேப்பர் பார்த்தபோது அது மீண்டும் உறுத்தியது. நாட்டில் வேலையில்லாதவர்கள் விழுக்காடு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று போட்டிருந்தது. "என்னைய மாதிரி ஆளையெல்லாம் வேலையில இருக்கான்னு எழுதினா குறையாம என்னா பண்ணும்?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

செப்டம்பரில் நந்தினி வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அவளுக்காகவே வீட்டில் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இந்த வாட்டி என்னை வேலை இல்லாதவன்னு எழுதும்மா."

"கேள்வி கேட்டுட்டு எழுதறேங்கண்ணே. கடந்த ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை செஞ்சீங்களா?"

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "வியாழக்கிழமை சசிகுமார் வூட்டு போர் மோட்டாரை மேல தூக்கி சரி பண்ணிக் குடுத்தேன். அரை நாள். காசு குடுத்தாங்க."

நந்தினி தயங்கினாள். "அப்ப வேலை செஞ்சவங்கன்னுதான் வரும்ணே."

"ஏம்மா, மிச்சம் ஆறரை நாள் சும்மா கெடந்தேனே, அது எங்க போச்சு?"

"அதையும் எழுதுவோம். இன்னும் எத்தனை மணி நேரம் வேலை கிடைச்சிருந்தா செஞ்சிருப்பீங்கன்னு தனியா ஒரு கேள்வி இருக்கு. ஆனா அது வேற அட்டவணையில வரும். பேப்பர்ல அதைப் போடறதில்ல."

கொளஞ்சிநாதன் உள்ளே போய் ஒரு பழைய அட்டையை எடுத்துவந்தார். ஐடிஐ முடித்த வருடம் கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தது. பர்மனென்ட் வேலைக்கு என்றாவது கூப்பிடுவார்கள் என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறார்.

"பதினேழு வருஷம் ஷிப்ட் ஷிப்ட்டா சுரங்கத்துல வேலை பாத்தேன். அப்பல்லாம் இந்த ஆபீஸ்ல நான் வேலைக்குக் காத்திருக்கிறவன். இப்ப வேலை போய் வூட்ல குந்திகினு இருக்கேன். உன் டேப்லெட்டுல நான் வேலை பாக்குறவன். எதும்மா நிசம்?"

"ரெண்டும் வேற வேற கேள்விங்கண்ணே" என்றாள் நந்தினி. "அவங்க யாரு பதிஞ்சிருக்காங்கன்னு எண்ணுறாங்க. நாங்க போன வாரம் என்ன நடந்துச்சுன்னு எண்ணுறோம். உங்க நெலமை எப்படின்னு ரெண்டுலயும் கேள்வி இல்ல."

அவள் மழுப்பாமல் பதில் சொன்னதில் அவருடைய கோபம் பாதி இறங்கிவிட்டது. தனம் டீ கொண்டுவந்தாள். பிறகு அவர் யோசித்துப் பார்த்தார். அந்தப் பெண் எதையும் பொய்யாக எழுதவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதினாள். எட்டு மணி நேரம் உழைத்தவனும் ஒரு மணி நேரம் உழைத்தவனும் ஒரே பக்கம் போய் விழும்படி கேள்வி அமைந்திருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. பந்தல் இல்லை, மோட்டார் வேலை இல்லை, கட்டட வேலையும் நின்றுபோனது. நந்தினி நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு மூலையில் இசைப்பிரியா புத்தகத்தோடு இருந்தாள்.

"நேத்து?"

"இல்ல."

"செவ்வாய்க்கிழமை?"

"இல்ல."

திங்கள். ஞாயிறு. சனி. ஒவ்வொரு நாளுக்கும் அவர் இல்லை என்றார். ஐந்தாவது நாளுக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது. ஏழாவது நாளுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"வேலை தேடினீங்களா?"

"பாஸ் வரும்னு இருந்தேன்."

"கிடைச்சிருந்தா செஞ்சிருப்பீங்க இல்ல?"

"செஞ்சிருப்பேன்."

நந்தினி அவரை நிமிர்ந்து பார்க்காமல் திரையைத் தொட்டாள். போன மாதம் அவர் சண்டை போட்டுக் கேட்டது இப்போது கிடைத்துவிட்டது. வேலை இல்லாதவர். அதே பக்கத்தில் தனத்தின் பெயருக்கு நேரே வேலை செய்பவர் என்று இருந்தது. கொளஞ்சிநாதன் எழுந்து கொல்லைப்புறம் போய், மழை சொட்டும் ஓட்டு விளிம்புக்குக் கீழே வெகுநேரம் நின்றார்.

நந்தினி போனபின் இசைப்பிரியா அங்கே வந்தாள்.

"அப்பா, நீங்க தப்பா சொல்லிட்டீங்க. சனிக்கிழமை என் சைக்கிளைப் பிரிச்சு, பெடல் மாத்தி, செயின் போட்டீங்க. ரெண்டு மணி நேரமாச்சு."

"அதுக்கு நீ கூலி குடுத்தியா?"

"இல்ல."

"அப்ப அது கணக்குல வராதும்மா" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மகளின் தலையில் கை வைத்தார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் வெள்ளைச்சாமி என்று பழைய ஐடிஐ கூட்டாளி ஒருவர் இருந்தார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கரும்பு அரவை தொடங்குமுன் மெஷின்களைப் பிரித்துச் சரிபார்க்கவும், பிறகு சீசன் முடியும்வரை பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று செப்டம்பரிலேயே போன் செய்திருந்தார். கரும்புச் சக்கை போகும் பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடத் தெரிந்தவன் கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். ஊரைவிட்டு நகர்ந்தால் பாஸ் கைமாறிவிடுமே என்று கொளஞ்சிநாதன் அப்போது மறுத்துவிட்டார். இந்த மூன்று மாதத்தில் யாராவது கேட்டபோதெல்லாம் காத்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, காத்திருப்பதே ஒரு வேலை போல ஆகியிருந்தது. ஒவ்வொரு நாளாகப் பெயர் சொல்லிக் கேட்டபோதுதான் அந்த நாட்கள் வெறுமையாகக் கிடந்தது அவருக்கே தெரிந்தது.

அன்று இரவே வெள்ளைச்சாமிக்குப் போன் செய்தார்; இடம் இன்னும் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நெல்லிக்குப்பத்துக்கு பஸ் ஏறினார்.

"பாஸ் வந்தா?" என்று தனம் கேட்டாள்.

"வரட்டும், பாத்துக்கலாம்."

நவம்பர் முதல் வாரத்தில் போன் வந்தது. ஆலையில் அவர் இரண்டு கையிலும் பசையோடு குனிந்திருந்த நேரம். ஹெல்ப்பருக்கு ஒரு இடம் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கேட்டுக்கு வர முடியுமா என்றார் சூப்பர்வைசர். முடியாது என்றார். அந்த இடம் லிஸ்டில் அடுத்து இருந்த அசோக்குமாருக்குப் போனது என்று பிறகு கேள்விப்பட்டார். அசோக்குமாருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், அவனுக்குப் போனதில் தப்பில்லை என்று தனத்திடம் சொன்னார். ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது முறை நந்தினி வந்தபோது அவர் ஆலையில் இருந்தார். தனம் சொல்லச் சொல்ல அவள் பதிந்துகொண்டாள். ஏழு நாளில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம்.

"பர்மனென்ட்டாக்கா?"

"சீசன் முடியிற வரைக்கும்மா. அதுக்கப்புறம் எங்க போவாருன்னு தெரியல. அதைக் கேக்க மாட்டீங்களா?"

"அதுக்குக் கேள்வி இல்லக்கா."

இதோடு இந்த வீட்டுக்கு வரும் முறை முடிந்துவிட்டது என்று நந்தினி சொன்னாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.