மேப்பிளா ஆஷா: விசயதசமியில் தீர்த்த வழக்கு

வித்தினுள் மரமும் மரத்தினுள் வித்தும்
வைத்த விமலன் மலரடி போற்றி.

இன்று விசயதசமி, தொட்டது துலங்கும் திருநாள். ஏடு தொடங்க வந்த குழந்தைகள் கோயிலிலே அரிசியில் விரல் பதித்து அகரம் எழுதிய அழகைக் கண்டு வந்த கையோடு இதனை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இதே நன்னாளில், எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, எங்கள் வீட்டார் நெடுநாள் நடந்த ஒரு பெருவழக்கைத் தீர்த்து வைத்தார்கள். பேஸ்போல் மட்டைக்கு உகந்த மரம் மேப்பிளா ஆஷா என்பதே அவ்வழக்கு.

நாங்கள் அப்போது மில்லிக்கன் என்ற புறநகரில் குடியிருந்தோம். கீழே நிலவறையான பேஸ்மென்றில் அம்மாவின் தம்பியாகிய மாமா இருந்தார். மாடிப்படிக் கைப்பிடிகள் கடையும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பாடசாலையில் பெண்பிள்ளைகளின் பேஸ்போல் அணியில் நான் சேர்ந்ததும், அப்பா அயல்வீட்டார் பழம்பொருள் விற்ற கராஜ் சேலில் ஓர் ஆஷ் மட்டையை வாங்கி வந்தார். மாமா அதை விரலால் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு வாரம் கழித்து, எஞ்சிய மேப்பிள் கட்டையில் தாமே கடைந்த மட்டையொன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அன்று தொடங்கியது போர்.

மேப்பிள் இறுகிய மரம், அடிவாங்கினாலும் செதிள் செதிளாக உரியாது, பெரிய ஆட்டக்காரரே இப்போது அதற்கு மாறுகிறார்கள் என்பது மாமாவின் வாதம். பரம்பரை பரம்பரையாக ஆடிவரும் மரம் ஆஷ், அது சற்றே வளைந்து பந்தைத் தள்ளிவிடும், மேப்பிளோ சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாய் முறியும் என்பது அப்பாவின் மறுப்பு. இருவரும் யாழ்ப்பாணத்திலே கிரிக்கெட் ஆடியவர்கள். பேஸ்போல் ஆடி அறியாதவர்கள். அறியாமை இருபுறமும் சமமாயிருந்தமையால் வழக்கு மிக நீதியாகவே நடந்தது.

எனக்கோ அது விளையாட்டன்று. மாமாவின் தொழிற்சாலை மாத முடிவில் பிறம்ரனுக்கு மாற இருந்தது. அவரும் அங்கே ஓர் அறை பார்த்துவிட்டார். சனிக்கிழமை தோறும் பூங்காவில் எனக்குப் பந்தெறிந்து பழக்கியவர் அவர். பிறம்ரன் நகரத்தின் மறுகோடிதான் என்றாலும், என் கணக்கில் அது ஏழுகடலுக்கும் அப்பாலிருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அப்பா மடக்கினார். "உவ்வளவு நம்பிக்கையெண்டா, தோத்தா என்ன செய்வாய், சொல்லு பாப்பம்?"

"தோத்தா நான் பிறம்ரனுக்குப் போகேல்லை, அத்தான். இஞ்சையே கிடக்கிறன். வெண்டா, குடிபோற ஞாயிற்றுக்கிழமை என்ர கட்டிலை நீங்கள்தான் தோளிலை காவோணும்."

"கட்டில் காவ இவருக்கு நாரி நோ விடாது. நீ இப்பவே தோத்துப்போடு தம்பி" என்றார் அம்மா.

சரசுவதி பூசைக்குப் புத்தகங்களோடு இரண்டு மட்டைகளும் வைக்கப்பட்டன. அம்மா இரண்டுக்கும் வேற்றுமை காட்டாமல் சந்தனப் பொட்டிட்டார். அவ்வாண்டு நான் கலைமகளிடம் கல்வி கேட்கவில்லை. ஆஷ் வெல்ல வேண்டும் என்று மட்டுமே கேட்டேன்.

விசயதசமிக் காலையில், படையல் எடுத்த பின் பூங்காவுக்குப் போனோம். அப்பா எறிவார், கை ஒன்றாயிருந்தால்தான் மரத்தின் தரம் தெரியும் என்பதால் இரண்டு மட்டைகளாலும் மாமாவே அடிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓவர், அதாவது ஆறு பந்து. அவற்றுள் ஆகத் தூரம் போனதே கணக்கு. அளவுநாடாவை எவரும் கொண்டுவராததால், குதியும் விரலும் முட்ட அடிவைத்து அளக்கும் பணி எனக்கு வாய்த்தது.

முதல் பந்துக்கு மாமா ஆஷ் மட்டையை வீசினார். பந்து போகவில்லை, மட்டை போயிற்று. அது அவர் கையை விட்டு வழுக்கி, வானில் மூன்று முறை சுழன்று, அம்மாவின் காலடியில் வந்து விழுந்தது. அப்பா தலைகுனிந்தார். கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் ஊட்டும் வழக்கப்படி, பூசைக்கு முந்திய வாரம் முழுவதும் அதற்கும் இரகசியமாக எண்ணெய் பூசியிருக்கிறார்.

"அத்தான், உது மட்டையோ, கத்தரிக்காய்ப் பொரியலோ?"

"என்ர நல்லெண்ணெய்ப் போத்தல் எங்கை போச்செண்டு இப்பதான் விளங்குது" என்று அம்மா தன் சால்வையால் மட்டையைத் துடைத்துக் கொடுத்தார்.

அதன்பின் ஆஷ் நன்றாகவே ஆடியது. அதன் சிறந்த பந்து ஊஞ்சல் பக்கமாகப் போயிற்று. அளந்தேன், இருநூற்று நாற்பது அடி. மேப்பிளின் முறை வந்தது. ஐந்தாம் பந்தில் எழுந்த ஓசை இன்னும் காதில் நிற்கிறது. பந்து எதிர்ப்பக்கமாகப் பறந்து கார் நிறுத்துமிடத்து வேலியருகே விழுந்தது. திசை வேறாகையால் கண்ணால் ஒப்பிட வழியில்லை. என் கால்களே சாட்சி. நூற்றைம்பது வரை நேர்மையாக அளந்தேன். பந்தோ இன்னும் வெகு தூரத்தில் கிடந்தது. அங்கிருந்து அடிக்கும் அடிக்கும் இடையே ஒரு சாண் விட்டு நடக்கத் தொடங்கினேன். இருநூற்று முப்பத்தாறு என்று அறிவித்தேன்.

அப்பா குதித்தார். எண்ணெயின் மகிமை என்றார். மேப்பிளின் அடி ஆஷை விடப் பெரிதாய் விஞ்சாது, மட்டையின் நிறையும் வீசுபவரின் கையுமே பெரிது என்று அறிந்தவர்கள் கூறுவதைப் பிற்காலத்தில் வாசித்தேன். என் சாட்சியம் மட்டும் எந்தக் கட்சிக்கும் உதவாது.

மாமா பந்தை எடுக்க வேலிப்பக்கம் போனார். ஐப்பசிப் புல்லில் வெண்பனி இன்னும் உருகவில்லை. அதன்மேல் என் அடித்தடங்கள் முதலில் ஒட்டியும் பிறகு விட்டும் கரிய வரியாய்க் கிடந்ததை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா குனிந்து பந்தை எடுத்தார். அந்த வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் தொடர்ந்தார். பிறகு அந்த வரியின் மேலேயே, இரண்டு சப்பாத்தையும் அகல இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

"காலைத் தூக்கி நடவன்ரா, சப்பாத்துத் தேயுது" என்று அம்மா கத்தினார்.

மாமா என் தலையில் கைவைத்து, "பிள்ளை அளந்தாச் சரிதான்" என்றார்.

அவர் பிறம்ரனுக்குக் குடிபோகவில்லை. இரண்டு ஆண்டுகள், விடியமுன் எழுந்து மூன்று பஸ் மாறி வேலைக்குப் போய்வந்தார். நானோ, தன் கையால் கடைந்த மட்டை தோற்ற துக்கத்தில்தான் அன்று புல்லில் மாமாவுக்குக் கால் எழவில்லை என்று நம்பினேன். மிகவும் இரங்கி, அன்று மாலை என் பங்குச் சர்க்கரை அவலையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். அவர் மறுக்காமல் முழுவதையும் சாப்பிட்டார்.

இதனைப் படித்தோரும் படிக்கக் கேட்டோரும், பிரியாத சுற்றமும் குன்றாத நலமும் பெற்று, கலைமகள் கடைக்கண் நோக்கில் நீடு வாழ்க.