சுவருக்கு மருந்தடித்த கதை

திராட்சைக்கொடிக்கு நோய் வராமல் அடிக்கிற மயில்துத்தத்தை வீட்டுச் சுவரில் பூசியவன், இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அடுத்தவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவி. அதாவது, அவள் வீட்டில் இல்லாதது. மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று மூன்று மாதத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு திருப்பூர் போனவள், இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். சண்டை ஒன்றும் கிடையாது. தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா, கேஸை அணைச்சீகளா. மூன்றுக்கும் ஆமாம் சொன்னால் போன் பேத்தி கைக்குப் போய்விடும்.

முன்னெல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று வீட்டில் கத்துவேன். இப்போது எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. காலையில் காபி குடித்த டம்ளர் சாயங்காலமும் ஜன்னல் விளிம்பிலேயே நின்று என்னைப் பார்க்கிறது.

எப்போது வருகிறாய் என்று கேட்டால் மட்டும் பதில் சுற்றி வளைத்துப் போகும். பிள்ளைக்குச் சளி, மருமகனுக்கு நைட் ஷிப்டு, வெயில் குறையட்டும். ஒருநாள், அந்தச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் கடையில் போய்ச் சரிபண்ணக்கூடிய காரணம்.

அந்தச் சுவர் என்பது கூடத்தில் அடுப்படி வாசலை ஒட்டின சுவர். அதில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், தாம்பாள அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. முப்பது வருஷமாக அவள் தலை சாய்ந்த இடம். அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்வாள், வடுகபட்டிப் பூண்டு உரிப்பாள், டிவி பார்ப்பாள். குக்கர் விசிலடித்தால் எழுந்து போக வசதி. இரண்டு தடவை வெள்ளையடித்தோம். கறை வெள்ளையைத் தாண்டி மேலே வந்து நின்றது. விருந்தாளி வந்தால் கூச்சப்பட்டு அதன்மேல் காலண்டரை மாட்டிவிடுவாள். அந்த உயரத்தில் காலண்டரைப் பார்த்தவர்கள், எங்கள் வீட்டில் நாள் பார்ப்பது பூனை என்று நினைத்திருப்பார்கள்.

தேனிக்குப் போய் வால்பேப்பர் கேட்டேன். கடைக்காரப் பெண் புத்தகம் புத்தகமாகப் புரட்டிக் காட்டினாள். அருவி, பனிமலை, மூடுபனிக் காடு. ஜன்னலைத் திறந்தால் மலை நிற்கிற ஊர்க்காரனுக்கு மலை எதற்கு என்று, வெள்ளைத் தாளில் இளம்பச்சை இலை ஓடுகிற ஒன்றை எடுத்தேன். பசையும் இருக்கிறது, ஒட்ட ஆளும் அனுப்புகிறோம் என்றாள். பந்தல் போட்டுக் கொடி ஏற்றத் தெரிந்தவனுக்கு ஒரு தாளை ஒட்டத் தெரியாதா என்று சுருளை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீரபாண்டியில் திருவிழாவுக்கு ராட்டினச் சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வருஷம் தவறாமல் அவள் போகிற திருவிழா. இரண்டு வருஷமாகத் தவறிவிட்டது. அதற்குள் ஒட்டி முடித்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே நாள் குறித்தேன்.

மைதா மாவைக் காய்ச்சினேன். வாலிபத்தில் சுவரொட்டி ஒட்டின கை. மைதாவுக்குக் கரப்பான் வரும், கொஞ்சம் துத்தம் சேர்த்தால் வராது என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு தோட்டத்துக்கு மருந்து கலக்கியே பழகிய கையும் அதுதான். கிள்ளிப் போட வேண்டியதை அள்ளிப் போட்டுவிட்டது. ஒட்டி முடித்தபோது சுவர் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், இலைகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக நீலம் பூத்திருந்தது.

பம்புசெட் சாவி வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னப்பா, சொவத்துக்குச் சாம்பல் நோயா? மருந்தடிச்சிருக்க?"

ஆமாம், அறுவடைக்கு வந்து சேர் என்றேன். சிரித்துக்கொண்டே போனான். அவன் போன பிறகு, அவளிடம் சொல்வதுபோல அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆளில்லாத கூடத்தில் ஜோக் அடிப்பதும் இருமுவதும் ஒன்றுதான் போல.

நீலத்தைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். சிக்கல் அந்த வட்டம். எண்ணெய் ஊறின சுவரில் பசை பிடிக்கவில்லை. சரியாகத் தாம்பாள அகலத்துக்குத் தாள் உப்பிக்கொண்டு நின்றது. கையால் நீவினேன். தோசைக்கரண்டியால் தேய்த்தேன். எடுத்ததும் உப்பியது. ஓரத்தைப் பிரித்து மறுபடி பசை தடவி, காயும்வரை அழுத்திப் பிடிப்பது என்று முடிவு பண்ணினேன். கை எவ்வளவு நேரம் தாங்கும்? கீழே உட்கார்ந்து தலையையே அதன்மேல் சாய்த்துவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் கனமான தலை.

சும்மா இருக்க முடியாமல் டிவியைப் போட்டேன்.

டிவி தெரியவில்லை. என் நாற்காலிதான் தெரிந்தது. டிவிக்கு நேர் எதிரே, டிவி வாங்கின நாளிலிருந்து நான் போட்டிருக்கிற சாய்வு நாற்காலியின் முதுகு. அதைத் தாண்டி டிவியின் ஓரத்தில் ஒரு சாண். அந்த ஒரு சாணில் யாரோ ஒருத்தியின் தோளும் காதும். யாரோ அழுதார்கள், யாரோ திட்டினார்கள். எழுந்து நாற்காலியைத் தள்ளலாம் என்றால் தாள் உப்பும். அப்படியே இருந்தேன்.

"ஏங்க, யாரு இப்பப் பேசுனது?"

சீரியல் ஓடும்போதெல்லாம் பின்னாலிருந்து அவள் கேட்பது இது. கண் அவிந்துபோச்சா என்று கேலி பேசியிருக்கிறேன். விருந்தாளிகள் முன்னால் அவள் குரலிலேயே கேட்டுக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒரு தடவை பெரிய மனசு பண்ணி, தேனிக்குக் கூட்டிப் போய்க் கண்ணைக் காட்டினேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். திரும்பி வரும்போது அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, ஊர் வரும்வரை வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாற்காலியில் நான் இருந்தால் இன்னும் என்ன தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். என் பின்மண்டை. அதில் வழுக்கை விழுந்ததை ஒரு நாள் விடாமல் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

பசை காய்ந்திருக்கும் என்று தோன்றியபோது தலையை எடுத்தேன். வட்டம் மெதுவாக மறுபடி உப்பியது.

சாயங்காலம் போன் வந்தது. மூன்று கேள்விக்கும் ஆமாம் சொன்னேன். பேத்தியிடம் கொடுப்பதற்குள், சுவருக்குத் தாள் ஒட்டியாயிற்று, திருவிழாவுக்கு வந்துவிடு என்றேன். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். துத்தத்தைச் சொன்னேன், நீலத்தைச் சொன்னேன், சாம்பல் நோயைச் சொன்னேன். சிரித்தாள். நீ சாய்கிற இடத்தில் மட்டும் தாள் ஒட்டமாட்டேன் என்கிறது என்றேன். அதையும் ஜோக்காக முடிக்கத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"அங்கன ஒக்காந்து டிவி பாத்தேன். ஒண்ணுமே தெரியல."

அந்தப் பக்கம் பேத்தி எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் சொன்னாள்:

"மொதல்ல அந்த நாற்காலிய நகத்திப் போடுங்க."