நாலு கிலோ மணல்

காஷிமானாவுக்குக் குப்பை என்று எதுவுமே கிடையாது. பெனுவே ஆற்றங்கரையில் இருக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பதினெட்டு வருஷமாக மனையியல் சொல்லிக்கொடுக்கிறாள். சர்க்கார் கொடுத்தது நாலு சுவரும் ஒரு கரும்பலகையும்தான், வெட்கக்கேடு! மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ரொட்டி அடுப்பு செய்தாள். குழந்தை குளிப்பாட்டும் பாடத்துக்குப் பழைய துணியில் ஆற்று மணலை அடைத்து, சந்தைத் தராசில் நாலு கிலோ நிறுத்து, கழுத்து தொங்கும்படி எட்டுப் பொம்மை தைத்தாள்.

"கனம் கைக்குத் தெரியணும்டி. பஞ்சுப் பொம்மையோட போய் நின்னீங்கன்னா தாய்மாருங்க சிரிச்சே அனுப்பிருவாங்க" என்பாள் மாணவிகளிடம்.

அன்று காலை மாணவி மிமிடூ தன் நாற்பது நாள் மகனைக் கொண்டுவந்திருந்தாள். குளிப்பாட்டிக் காட்டினார்கள். பால் குடித்துத் தூங்கியவனைக் காஷிமானா ஒரே மாதிரித் துணியில் சுற்றி, ஈ மொய்க்காமல் முகம் மூடி, பொம்மைகளின் வரிசையில் கிடத்தினாள்.

"ஐயோ மேடம், எம்புள்ள எதுன்னு எனக்கே தெரியலையே!" என்று சிரித்துக்கொண்டே மிமிடூ தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனாள்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள், ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு திரிந்த அந்தப் படுபாவிகள். துப்பாக்கியும் வெட்டுக்கத்தியும். வாயிற்காவலர் இயோர்ஃபாவைக் கதவோடு சேர்த்து வெட்டினார்கள். காஷிமானா வரிசையிலிருந்து குழந்தையை வாரி, முதுகில் துணியால் இறுக்கிக் கட்டி, பெண்களை ஜன்னல் வழியே தள்ளிவிட்டு மரவள்ளிக் காட்டுக்குள் ஓடினாள். பக்கத்தில் ஓடிய பெண்ணின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அந்த ரத்தம் காஷிமானாவின் காதில் சூடாகத் தெறித்தது. நிற்கவில்லை.

கிணற்றடியிலிருந்து தப்பிய மிமிடூ ஆற்றோரம் அலறிக்கொண்டு வந்தாள். "எம்புள்ள எங்க?"

"இருக்காண்டி, என் முதுகுல."

துணியை அவிழ்த்தாள். தையல் பிரிந்து மணல் கொட்டியது.

காஷிமானா திரும்பி ஓடினாள், பின்னால் மிமிடூ ஓடினாள். கொலைகாரர்கள் சந்தைப் பக்கம் போயிருந்தார்கள். சந்தை எரிந்துகொண்டிருந்தது.

வகுப்பறையில் அடுப்பு நசுங்கிக் கிடந்தது. வரிசையில் முதல் பொம்மை இரண்டு துண்டு. இரண்டாவதன் தலை தனியாக. மூன்றாவதன் வயிறு கிழிந்து தரையெல்லாம் மணல். வெட்டியவன் அதற்குமேல் கையை ஓங்கவில்லை. கடைசித் துணிக்குள் ஏதோ அசைந்தது. பிஞ்சு முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தான் பயல்.

மிமிடூ அவனை வாரி மார்போடு அணைத்தாள். மறுகையால் காஷிமானாவைப் பளாரென்று அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள்.

"எதுக்குடி பொம்மைங்கள அவ்ளோ கச்சிதமா செஞ்சே?"

அதனால்தானே கொலைகாரர்களும் ஏமாந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். காஷிமானா குனிந்து, இயோர்ஃபாவின் ரத்தத்தை மிதித்து வந்தவர்களின் செருப்புத் தடத்தில் ஒட்டியிருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள்.