தீர்க்கப்பட்ட ஒரே புகார்

பெங்களூரில் எங்கள் குடியிருப்பு லேஅவுட்டில் கமிட்டிகளுக்குக் குறைச்சலே கிடையாது. பூங்காவுக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று, தெருநாய்களுக்கு ஒன்று, அந்த நாய்களுக்குச் சோறு வைக்கிறவர்களோடு சண்டை போட இன்னொன்று. எதிலும் சேராமல் பத்து வருஷம் நிம்மதியாக இருந்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். மைக் இரைகிறது, நாற்காலி ஆடுகிறது, நோட்டீசில் தேதி தப்பு என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, தலைவர் எழுந்து நின்று கும்பிட்டு, புகார்க் கமிட்டிக்கு இவரை விட்டால் ஆள் இல்லை என்று அறிவித்துவிட்டார். கை தட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

தப்பு கண்டுபிடிப்பது எனக்குத் தொழில். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். அரை மில்லிமீட்டர் கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் தோசை வட்டமாக இல்லையென்றால்கூட வாய் சும்மா இருக்காது என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை.

கமிட்டியில் என் கைக்கு வந்த முதல் வேலை, எங்கள் குறுக்குத்தெருவான நாலாவது கிராஸின் முனையில் இருந்த ஓட்டை. நடைபாதைக்கு அடியில் சாக்கடை ஓடுகிறது. மேலே மூடியிருந்த சிமெண்ட் ஸ்லாப் ஒன்று பாதியாக உடைந்து உள்ளே போயிருந்தது. என் மனைவி அதில் ஒரு காலை விட்டு, காலை மட்டும் திரும்ப எடுத்தாள். செருப்பு போயே போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை அவள் நான் ஆபீஸ் கிளம்பும் நேரமாகப் பார்த்து வாசலில் எடுத்து வைப்பாள். கமிட்டியில் இருப்பவன் வீட்டிலேயே இந்தக் கதி என்று அர்த்தம்.

புகாரெல்லாம் இப்போது மாநகராட்சியின் செல்போன் செயலியில்தான். முதலில் 'சாக்கடை' என்ற தலைப்பில் போட்டேன். இது எங்கள் துறையில் வராது என்று பதில் வந்தது. 'சாலை' என்று போட்டேன். நடைபாதை சாலை ஆகாது என்றார்கள். மூன்றாவது முறை, இடம் தெளிவாக இல்லை, அடையாளம் தெரியும்படி படம் எடுத்து அனுப்பவும் என்று வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நீளம் அகலம் தெரிய, நிழல் விழாமல் எடுத்த படம் அது. இதைப் பார்த்துத் தெளிவாக இல்லை என்கிறவன் கண்ணைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று தலைவரிடம் போய்க் கத்தினேன்.

தலைவர் மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், அல்லது மாற்றிச் செய்வார். எந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்கும் என்பது அவருக்கு அத்துபடி. நான் கத்தி முடிக்கும்வரை காபியை ஆற்றிக்கொண்டிருந்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"நோடி, பாருங்க சார், ஓட்டைக்கு எந்த ஆபீஸ்லயும் துறை கிடையாது. தடைக்கு உண்டு. நடைபாதையில தடைன்னு போடுங்க. பைல் தானா ஓடும்."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. நடக்க முடியாமல் செய்வது தடைதானே. அடையாளத்துக்கும் வழி இருந்தது. எங்கள் தெருவுக்கு ஒரே அடையாளம் இஸ்திரி வண்டிதான். ஆட்டோக்காரரோ கூரியர்க்காரரோ, யார் போன் செய்தாலும் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் என்றுதான் வழி சொல்லுவோம். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் ஓட்டை இருந்த அதே முனையில் தள்ளுவண்டி போட்டு, கரிப்பெட்டியில் தேய்த்துக் கொடுப்பவர். நாலு கிராஸ்களின் சட்டைகளும் அவர் கையால்தான் நிமிர்ந்து நின்றன.

செவ்வாய்க்கிழமை காலையில் பத்தடி பின்னால் போய் நின்று, வண்டி முழுவதும் தெரிய ஒரு படம் எடுத்தேன். வண்டி நட்ட நடுவில் வந்தது. ஓட்டை இடது மூலையில், கீழே. தலைப்பு: நடைபாதையில் தடை. அனுப்பிவிட்டு, இதையும் தெளிவாக இல்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்று விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

கமிட்டி ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு செய்தியை யாரும் கண்ணால் கண்டதில்லை. தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல்களும் கும்பிடுகளும் கொட்டின. ஒருவர் என்னைச் சிங்கம் என்று எழுதினார். மறைப்பானேன், பூரித்துத்தான் போனேன். தலைவர் அதற்கு மேல் போனார். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் நன்றிக் கடிதம் அடித்து, அரைக்கிலோ மைசூர்பாகோடு வார்டு அலுவலகத்துக்கே நேரில் போய், அதிகாரியோடு சேர்ந்து நின்று படமும் எடுத்துக்கொண்டு வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றைத்தான் யாரும் செய்யவில்லை. முனைவரை நடந்து போய் ஓட்டை மூடியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது, கூடத்தில் என் சட்டைகள் தேய்க்காமல் மூட்டையாகக் கிடந்தன. இஸ்திரி போடும் அம்மா வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம். காலையில் மாநகராட்சி லாரி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். ஏற்றுவதற்குள் அவர் துணிமூட்டைகளை மட்டும் இழுத்துக் கீழே போட்டிருக்கிறார். பெட்டி, கரி, தண்ணீர்க்குடம் எல்லாம் வண்டியோடு போய்விட்டன. துணி ஊரார் துணி, அதை விட்டால் யாருக்குப் பதில் சொல்வது என்று கேட்டாராம். வீடு வீடாகப் போய், தேய்க்காததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

நான் சட்டைகூட மாற்றாமல் முனைக்கு ஓடினேன். ஓட்டை அப்படியே இருந்தது. வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் செங்கல்கள் மட்டும் ஓரமாகக் கிடந்தன. வீட்டுக்கு வந்து செல்போனை மனைவியிடம் கொடுத்தேன். தலைப்பைப் படித்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஓட்டையப் படம் எடுக்கச் சொன்னா, வண்டியப் படம் எடுத்துத் தடைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நீங்கதான் பேக்டரில தப்பு கண்டுபிடிக்கிறவரு."

சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாளிலிருந்து தெருவே கசங்கிப் போயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வண்டியில் போகும் ஐ.டி. பையன்கள் வாயில் போட்டு மென்ற மாதிரியான சட்டைகளில் நின்றார்கள். வாட்ஸ்அப் குழுவில், யார் இந்த ஈவு இரக்கமில்லாத புகாரைக் கொடுத்தது என்று கொதித்தார்கள். முந்தின நாள் கை தட்டியவர்கள்தான், அதே விரல்கள். இரண்டும் ஒரே புகார் என்பது எனக்கும் என் மனைவிக்கும் தலைவருக்கும் மட்டும் தெரியும். நாங்கள் மூவரும் கப்சிப். அவசரக் கூட்டம் கூட்டி, புகார் கொடுத்தவரைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு கமிட்டி போட்டார்கள். தப்பு கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர் என்று என்னையே அதற்கும் போட்டார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஊரில் எல்லாரையும் குறை சொல்ல நீளும் நாக்கு, தன் குறை என்றதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கூட்டம் முடிந்து வரும்போது அந்த அம்மா தலைவர் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார். வேறு தெருவில் கேட்டுப் பார்த்தாராம், எவரும் நிற்க விடவில்லையாம். மகள் பி.யு.சி., அதாவது இந்த ஊர் பிளஸ் டூ, படிக்கிறாள். வண்டியைத் திருப்பித் தருவார்களா, உடைத்து எடைக்குப் போட்டுவிடுவார்களா என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை நானும் தலைவரும் வார்டு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மலர்ந்த முகத்தோடு நாற்காலி போடச் சொன்னார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எங்கள் நன்றிக் கடிதம் பத்திரமாக இருந்தது. தலைவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. படத்தில் பெரிதாக இருப்பது வண்டி, தலைப்பு தடை, இதில் நான் வேறு எதை அகற்றுவது என்று கன்னடத்தில் கேட்டார். தப்பே சொல்ல முடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தீர்ந்த புகாரைத் தீராததாக்கச் செயலியில் பொத்தான் இல்லை என்றும் சொன்னார். அதோடு, கண்ணாடியை விரலால் தட்டி, நன்றி வேறு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றார்.

வெளியே வந்ததும் நான் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் தடையால் வந்த வினை என்றேன். உங்கள் படத்தால் வந்தது என்றார் அவர். நடுத்தெருவில் இரண்டு கமிட்டிக்காரர்கள் கசங்கின சட்டையோடு சண்டை போடுவதைப் பார்க்க ஒரு டீக்கடையே திரும்பி நின்றது. கடைசியில் தலைவரே ஒரு டீ வாங்கிக் கொடுத்து வழியும் சொன்னார்.

"பழசைத் திருத்த முடியாது சார். புதுசா ஒண்ணு ஆரம்பிக்கணும், அவ்ளோதான்."

அப்படிப் பிறந்தது இஸ்திரிக் கமிட்டி. வண்டி தெருவாசிகளின் சம்மதத்தோடு, அவர்கள் பயனுக்காக நிற்பது. இனி நடைபாதையில் நிற்காது, தலைவர் வீட்டுக் காம்பவுண்டுக்கு உள்ளே நிற்கும் என்று கடிதம் எழுதினோம். அந்த இடத்தில் தலைவர் தன் காரை நிறுத்துவார். காரை வெயிலில் நிறுத்திக்கொள்கிறேன் என்று அவராகத்தான் சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி தணிந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினோம். பூங்காவுக்காகக் கதவையே திறக்காதவர்கள்கூட சட்டைக்காகப் பேனாவோடு வந்தார்கள். எங்கள் லேஅவுட்டில் எடுத்த வேலையை இரண்டே நாளில் முடித்த கமிட்டி அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். நன்றிக் கடிதம் எதையும் இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொள்ளும்படி உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

பறிமுதல் செய்த சாமான்களை வைக்கும் மைதானம் வெகு தூரம். வண்டியை ஏற்றிவர ஆட்டோக்காரர் யாரும் ஒப்பவில்லை. தள்ளிக்கொண்டுதான் வந்தோம். அந்த அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தலைவர் முன்னால் நடந்து, இரண்டு கைகளையும் நீட்டி பஸ்களை நிறுத்தினார். பஸ்காரர்கள் கன்னடத்தில் திட்டினார்கள். அவர் அதைவிட நல்ல கன்னடத்தில் திட்டினார். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தலைவர் தள்ளி இருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அந்தக் கம்ப்ளைண்ட் குடுத்தது நான்தாம்மா" என்றேன்.

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும் சார். நீங்க போட்டோ எடுக்கசொல்ல நான் அங்கதான இருந்தேன். வண்டி முழுசா விழட்டும்னுதான் ஓரமா ஒதுங்கி நின்னேன். துணியெல்லாம் நேரா அடுக்கிவச்சு, பெட்டியக்கூடத் தொடச்சு வச்சேன். நம்ம தெருவுல நல்லா நடக்கிறதெல்லாம் கமிட்டில காட்டறீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அவமானத்தில் காது மடல்கள் எரிந்தன. ஓட்டைக்கு ஸ்கேல் வைத்து அளந்தவன், ஐந்தடி தள்ளி ஒரு மனுஷி பெட்டியைத் துடைத்து வைத்ததைப் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போதும் சரியாக நினைவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. தள்ளிக்கொண்டே அவர் கேட்டார்.

"அந்தப் படம் வச்சிருக்கீங்களா சார்? நல்லா வந்துச்சா?"

நல்லா வந்திருக்கு என்றேன். பொய்யில்லை. சாயங்காலம் அனுப்பி வைத்தேன். அவர் மகள் அதையே அம்மாவின் வாட்ஸ்அப் படமாகப் போட்டுக் கொடுத்துவிட்டாள். சட்டை ஆயிற்றா என்று கேட்க நான் அவர் எண்ணைத் தேடும்போதெல்லாம், மேலே சின்ன வட்டத்துக்குள் என் புகார்தான் வந்து நிற்கிறது.